கல்வி உளநூலும் தமிழ் மாணவர் கடனும்

பட்டம் பெற்ற பின்னர் யாது செய்வது என்னும் வினா, இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவர் உள்ளத்தையும் அலைக்கும் வினாவாகும். தமிழைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு பயில்வோர்க்கு அவ்வினா பின்னும் கூரியதாய் எழுகின்றது. உற்றாரும் அயலாரும், "தமிழ் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று வினவுந்தொறும், "தமிழாசிரியர் ஆவேன்" என்று விடை கூறி அமைதலே பெரும்பாலார் வழக்கு. சிலர் முதுகலைத் தமிழையும், சிலர் அரசுப் பணித் தேர்வையும், சிலர் இதழ்த் தொழிலையும் நாடுவர். இவையெல்லாம் நன்னெறிகளே, இவற்றைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று. ஆயினும், இவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க பிறிதொரு நெறியும் உண்டென்பதும், அந்நெறியிற் செல்லுதற்குத் தமிழ் மாணவர் சிறப்பாக உரியரென்பதும், அவர் செல்லாமையால் விளையும் இழப்பு நம் நாட்டு இளஞ்சிறாரையே சாருமென்பதும் எம் கருத்தாகும். அந்நெறியாவது, இக்காலத்தார் கல்வி உளவியல் என வழங்கும் கல்வி உளநூலின்கண் மேற்பட்டப் பயிற்சி பெறுதலேயாம்.

உளநூல் என்றவுடன் மனநோய் மருத்துவத்தையே நினைப்பார் பலர். அஃது அப்பெருநூலின் ஒரு கிளையே. கல்வி உளநூலின் ஆராய்ச்சிக் களம் மருத்துவமனையன்று, வகுப்பறை. ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம், ஒரே பாடத்தைக் கேட்ட சிறுவர் இருவருள் ஒருவன் அதனைக் கைக்கொள்ளவும் மற்றவன் நழுவவிடவும் காரணம் யாது? நேற்று ஒப்பித்த பாட்டு இன்று மறந்துபோவது எங்ஙனம்? அச்சம் அறிவினை எவ்வாறு மூடுகின்றது? தேர்வு என்பது உண்மையில் எதனை அளக்கின்றது? இன்னோரன்ன வினாக்கட்கு, ஊகத்தால் அன்றி ஆய்ந்து கண்ட சான்றுகளால் விடை தேடுவது இந்நூல். செருமானிய நாட்டு எபிங்கௌசு என்பார், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடஞ் செய்து, எத்துணை நேரத்தில் எவ்வளவு மறந்தது என்று தம்மையே அளந்து, 1885ஆம் ஆண்டில் அதனை நூலாக வெளியிட்டார். மறதி முதலிற் கடிதாகவும் பின்னர் மெல்லவும் நிகழ்கின்றதென்பதும், ஒரே அமர்வில் நெடிது படிப்பதினும் இடைவிட்டுப் பன்முறை படித்தலே நிலைக்கும் என்பதும் அவர் கண்ட உண்மைகள். தேர்வுக்கு முன்னாளிரவு விழித்துப் படிக்கும் நம்மனோர்க்கு இதனினும் பயனுடைய செய்தி வேறுண்டோ?

இந்நூல் மேனாட்டினின்று வந்த புதுச்சரக்கு என்று ஒதுக்குவாருமுளர். அற்றன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் நன்னூலை நாம் எழுத்திற்காகவும் சொல்லிற்காகவுமே புரட்டுகின்றோம். அதன் முகப்பில் நிற்கும் பொதுப்பாயிரத்தைத் தேர்வுக்கு வேண்டுமளவிற் படித்துக் கடந்து விடுகின்றோம். பவணந்தியார் ஆண்டு ஆசிரியர் இலக்கணம், பாடஞ் சொல்லும் முறை, மாணாக்கர் இலக்கணம், பாடங் கேட்கும் முறை என்பவற்றை நிரல்பட உரைக்கின்றார். கற்பவன் எவ்வாற்றாற் கொள்ளவல்லனோ அவ்வாற்றை அறிந்துகொண்டே ஆசிரியன் கற்பித்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. கல்வி உளநூல் முழுவதும் இவ்வொரு கருத்தின் விரிவுரை என்று கூறினும் இழுக்கன்று. மேலும், ஆசிரியன் உரைத்ததை நன்கு கேட்டவனும் புலமையிற் காற்பங்கே பெறுகின்றான் என்றும், உடன்பயில்வாரோடு கலந்து பயில்வதால் மற்றொரு காற்பங்கு பெறுகின்றான் என்றும், எஞ்சிய அரைப்பங்கு தான் பிறர்க்கு உரைக்கும்பொழுதே வந்தெய்தும் என்றும் அவர் கணக்கிட்டுக் காட்டுகின்றார். கற்பிப்பவனே மிகுதியுங் கற்கின்றான் என்பதை இக்காலத்துக் கல்வியாய்வாளர் சோதனை பல செய்து நிறுவி வருகின்றனர்.

ஆயினும், முன்னோர் மொழிந்தவை யாவும் இன்றைக்கும் அமையும் என்று கொள்ளுதல் ஆராய்ச்சியாகாது. அதே பாயிரம் மாணாக்கரை மூவகையாக்கி, அன்னமும் ஆவும் போல்வாரைத் தலையென்றும், மண்ணும் கிளியும் போல்வாரை இடையென்றும், ஓட்டைக் குடமும் ஆடும் எருமையும் நெய்யரியும் போல்வாரைக் கடையென்றும் வகுக்கின்றது. அதனோடமையாது, நூல் கற்பித்தற்கு உரியரல்லாதார் இன்னார் என ஒரு வரிசையுங் கூறுகின்றது. கள்வனும், செருக்குடையோனும், சினத்தானும் நிற்கும் அவ்வரிசையில் பிணியாளனும் மந்தனும் வைக்கப்பெற்றுள்ளனர். கள்வனைத் தள்ளுதல் ஒருவாறு பொருந்தும்; பிணியாளனும் மந்தனும் செய்த பிழை யாது? அக்காலத்து ஆசிரியர்க்குத் தம் மாணாக்கரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை இருந்தது. இன்றோ, 6 முதல் 14 வரை அகவையுடைய ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வி உரிமையென்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கின்றது. மந்தனுக்கு வாயிலடைத்தல் இனி ஒருவர்க்கும் இயலாது. ஒருவனை மந்தன் என்று சொல்லிவிட்டால் ஆராய்ச்சி முடிந்தது. அவன் மந்தனாய்த் தோன்றுதற்குக் காரணம் யாது என்று கேட்பின் ஆராய்ச்சி தொடங்குகின்றது. தொண்ணூற்றொன்பது ஆடுகளையும் விட்டு, காணாமற்போன ஒன்றனைத் தேடிச் சென்ற மேய்ப்பனுடைய உவமையைச் சிறுவயது முதற் கேட்டு வளர்ந்த எம்மனோர்க்கு இக்கேள்வி புதிதன்று.

இக்கேள்வியை முறைப்படி முதலிற் கேட்டார் பிரெஞ்சு நாட்டு ஆல்பிரடு பினே என்னும் அறிஞர். ஏனையோரோடு ஒத்துச் செல்லமாட்டாத பிள்ளைகட்கு யாது செய்வது என்று ஆராய, அந்நாட்டுக் கல்வியமைச்சர் 1904ஆம் ஆண்டில் ஒரு குழுவினை அமைத்தனர். அதில் அமர்ந்த பினே, சீமோன் என்பாரோடு சேர்ந்து, எளிமையிலிருந்து அருமை நோக்கிச் செல்லும் 30 சோதனைகள் கொண்ட அளவையொன்றை 1905இல் வெளியிட்டார். ஆசிரியரின் வெறுப்பாலோ பெற்றோரின் வறுமையாலோ ஒரு பிள்ளை அறிவிலியென்று ஒதுக்கப்படாமல், தனித்துணை வேண்டுவோன் யாவனென்று நடுநிலையிற் கண்டு உதவுதலே அவ்வளவையின் நோக்கம். அறிவு பிறவியிலேயே அளவிட்டு அடைக்கப்பட்டது, அது வளராது என்னும் கொள்கையை 1909இல் எழுதிய நூலிற் பினே கடிந்து மறுத்தார். ஆனால், அக்கருவி அட்லாண்டிக் கடலைக் கடந்தபொழுது அதன் போக்கு வேறாயிற்று. நியூயார்க்குத் துறைமுகத்தின் எல்லிசுத் தீவில், குடியேற வந்த ஏழைகளை அறிவுக் குறையுடையாரென்று முத்திரை குத்துதற்கு 1913ஆம் ஆண்டு முதல் அவ்வகைச் சோதனைகளைக் கையாண்டனர். வந்திறங்கியோர் பலர் ஆங்கிலம் அறியாதவர். நெடும்பயணத்தால் அலைந்து களைத்தவர். கைதூக்கி விடுதற்கு அமைந்த கருவி தள்ளிவிடுதற்குப் பயன்பட்டது. கருவி நன்றாதல் மட்டும் போதாது. கையாள்வோன் மொழியும் நெஞ்சமும் நன்றாதல் வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடம். மொழி என்பதை ஈண்டு அழுத்திக் கூறுகின்றோம். அதற்குரிய காரணம் பின்னர் விளங்கும்.

நிற்க. நம் நாட்டில் இத்துறை வளர்ந்த வரலாற்றையுஞ் சிறிது நோக்குவோம். சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆண்மக்களுள் ஆதரவற்றார்க்கென அமைந்த விடுதிப் பள்ளியை 1789ஆம் ஆண்டு முதல் மேற்பார்த்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் குருவானவர். நம் திண்ணைப் பள்ளிச் சிறுவர் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அதனைத் தம் பள்ளியிலும் மேற்கொண்டார். கற்றுத் தேர்ந்த சிறுவனைக்கொண்டு கல்லாச் சிறுவனுக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையுஞ் செய்தார். நம் ஊர்ச் சட்டாம்பிள்ளையை நினைவூட்டும் இம்முறையை 1797இல் அவர் இலண்டனில் நூலாக வெளியிட, அது 'சென்னை முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்து முழுதும் பரவிற்று. நன்னூலார் கூறிய அரைப்பங்கு எத்துணை உண்மையென்பதற்கு இதுவே சான்று.

பின்னர், 1916இல் கல்கத்தாப் பல்கலைக் கழகத்திலும், 1924இல் மைசூர்ப் பல்கலைக் கழகத்திலும் உளநூலுக்கெனத் தனித்துறைகள் தோன்றின. முன்னதற்கு என். என். சென்குப்தாவும், பின்னதற்கு எம். வி. கோபாலசுவாமியும் தலைமை பூண்டனர். லாகூர்ப் போர்மன் கிறிஸ்தவக் கல்லூரியைச் சார்ந்த ஹெர்பர்ட் ரைஸ் என்பார், பினேயின் அளவையை இந்துஸ்தானி பேசும் பிள்ளைகட்கு ஏற்பத் திருத்தி, 1929இல் நூலாக்கினார். மராத்தியும் கன்னடமும் பேசுவார்க்கு வி. வி. காமத் அதே பணியைச் செய்து 1940இல் வெளியிட்டார். சென்னையிலோ, 1939இல் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார், 1943இல் ஜி. டி. போவாஸ் அவர்களால் சென்னைப் பல்கலைக் கழகத்து உளநூல் துறை தொடங்கப்பெற்றது. ஆசிரியர் பயிற்சிக்கோ இந்நகர் நெடுங்காலமாகவே பெயர்பெற்றது. இன்று சைதாப்பேட்டையில் விளங்கும் அரசினர் ஆசிரியர் கல்லூரி 1856இல் வேப்பேரியில் தோன்றியது; மகளிர்க்கெனப் புனித கிறிஸ்டோபர் கல்லூரி 1923இலும், இராயப்பேட்டையில் மெஸ்டன் கல்லூரி 1937இலும் தோன்றின. தமிழ் எழுத்தாளரும் வாளா இருந்தாரல்லர். கலைக்களஞ்சியத்தின் தலைமைப் பதிப்பாசிரியராய் விளங்கிய பெ. தூரன், 'குழந்தை உள்ளம்', 'அடிமனம்' முதலிய நூல்களால் உளநூற் செய்திகளை எளிய தமிழில் வழங்கினார். தமிழ்ப் பேராசிரியராகிய ந. சுப்பு ரெட்டியார் 'தமிழ் பயிற்றும் முறை'யும் 'கல்வி உளவியல் கோட்பாடுக'ளும் எழுதினார். தமிழ்ப் புலமையும் உளநூலறிவும் ஒருவர்பால் ஒருங்கு நிற்றல் இயலும் என்பதற்கு இவ்விருவரே போதிய சான்று.

இவ்வளவு நீண்ட வரலாறுடைய துறை நம் தெருக்களில் வாழும் பிள்ளைகள்வரை வந்து சேர்ந்ததா என்பதே வினா. யாம் வாழும் மேனாம்பேடு அம்பத்தூரைச் சார்ந்தது. 1949இல் சைக்கிள் தொழிற்சாலையும் 1964இல் தொழிற்பேட்டையும் அம்பத்தூரில் எழுந்தபின், ஏரியும் வயலுமாய்க் கிடந்த சுற்றூர்கள் பட்டறைகளும் வாடகை வீடுகளுமாய் மாறின. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியோடும் இணைந்தது. தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தோரும், அவர்க்குப் பின்னர்ப் பீகாரினின்றும் ஒடிசாவினின்றும் வந்தோரும் இங்கு அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். தந்தை இரவுமுறை வேலைக்குச் செல்ல, தாய் ஏற்றுமதி ஆடைத் தொழிலகத்திற்குச் செல்ல, பிள்ளைகள் மாலைப்பொழுதைத் தாமே கழிக்கும் வீடுகள் பல. அத்தகைய பிள்ளைகள் சிலரை மாலையில் அமர்த்தி யாமும் எம் நண்பரும் பாடஞ் சொல்லி வருகின்றோம்.

அவருள் ஒன்பது அகவையுடைய சிறுவன் ஒருவன் உளன். கதையொன்றைக் கேட்டானாயின், மறுநாள் அதனைக் குரலும் கையும் அசையத் தன் தோழர்க்கு அழகுறச் சொல்லுவான். கடைக்குச் சென்று வந்தால் மீதிச் சில்லறையைப் பிழையின்றி ஒப்புவிப்பான். புத்தகத்தைக் கையிற் கொடுத்தாலோ அவன் முகம் வாடும். 'கொடி' என்னும் சொல்லைக் கண்டால், ஒற்றைக் கொம்பிலேயே நின்று தடுமாறுவான். பிறிதொருவன் பாடத்தை உரக்கப் படித்துக் காட்டின், வினாக்கட்கெல்லாம் இவனே முதலில் விடை கூறுவான். பள்ளியில் இவனுக்கு 'மக்கு' என்று பெயர். ஒருநாள் இவன் அன்னை வந்து, "தம்பி, இவனுக்குப் படிப்பு வருமா, வராதா? வராதென்றால் சொல்லிவிடு, இவன் மாமனுடைய லேத்துப் பட்டறையில் விட்டு விடுகிறேன்" என்றார். அவ்வம்மையார்க்குக் கூற எம்மிடத்து விடையில்லை. கண்பார்வைக் குறையோ, எழுத்தறிதலில் உள்ள தனிப்பட்ட இடர்ப்பாடோ, அச்சமோ, கற்பித்த முறையின் பிழையோ, இவற்றுள் யாதென்று அறிந்து கூறுவதற்குப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியுடையார் ஒருவரும் அத்தெருவிலும் இலர். அவன் பயிலும் பள்ளியிலும் இலர். ஒரு வினாவிற்கு விடை கூறுவாரின்மையால் ஒரு பிள்ளையின் வாழ்நாள் முழுதும் வேறாகிவிடும் எனின், இத்துறை நமக்கு வேண்டுவதா அன்றா என்று இனியும் வழக்காடல் வேண்டுமோ?

இனி, இப்பணிக்குத் தமிழ் மாணவர் எவ்வாறு சிறப்பாக உரியர் என்பதைக் காட்டுவோம். எழுத்தறிதலில் இடர்ப்படும் பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டெழுந்தது. ஆங்கிலத்தில் எழுத்துகள் 26. ஒலிக்கும் எழுத்திற்கும் உள்ள பிணக்கே ஆண்டுப் பெருந்தொல்லை. தமிழிலோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என எழுத்து 247. உயிர்மெய்யின் குறிகள் ஒரு நெறிப்பட்டன அல்ல. 'கா' என்பதில் குறி வலப்புறம் நிற்கின்றது. 'கி' என்பதில் மேலே வளைகின்றது. 'கெ' என்பதில் ஒலியாற் பின்வருவது கண்ணுக்கு முன்வந்து இடப்புறம் நிற்கின்றது. 'கொ' என்பதில் இருபுறமும் சூழ்கின்றது. மேற்கூறிய சிறுவன் 'கொடி'யில் தடுமாறியது தன் அறிவின் குறையாலோ, காணும் முறைக்கும் கேட்கும் முறைக்கும் உள்ள இம்மாறுபாட்டாலோ என்று ஐயுறுதற்கு, எழுத்திலக்கணம் பயின்றவனே வல்லன்.

அன்றியும், ககரம் ஒன்றே 'கல்' என்பதில் ஒருவாறும், 'தங்கம்' என்பதில் ஒருவாறும், 'பகல்' என்பதில் ஒருவாறும் ஒலிக்கின்றது. ல, ள, ழ என்பவற்றை வேறுபடுத்தாது பேசும் வீட்டில் வளர்ந்த பிள்ளை, எழுதுங்கால் அவற்றை மயங்குதல் நோயன்று; வழக்கின் விளைவு. எம் பக்கத்தில் 'வூடு' என்பர். புத்தகத்தில் 'வீடு' என்றிருக்கின்றது. அப்பிள்ளைக்கு முதல் வகுப்பிலேயே இரண்டு தமிழ் கற்க வேண்டியுளது. பேச்சு வழக்கு இது, எழுத்து வழக்கு இது, இடர்ப்பாடு இது என மூன்றனையும் பிரித்தறியாதவன், வழக்கினை நோயென்றும் நோயினைச் சோம்பலென்றும் கூறிவிடுவான். மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தார், இந்திய மொழிகட்கென எழுத்திடர் காணும் அளவையொன்றை 2015இல் முதற்கண் வெளியிட்டபொழுது, அஃது இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் என்னும் நான்கிலேயே அமைந்தது. தமிழ் அம்முதல் வரிசையில் இடம்பெறவில்லை. இதற்குப் பிறரை நோவதிற் பயனென்னை? சொற்களின் அருமை எளிமையை ஆராய்ந்து வரிசைப்படுத்துவதும், வட்டார வழக்கறிந்து வினா அமைப்பதும் தமிழ் கற்றார் பணியன்றோ? உளநூலறிந்தார் தமிழிலக்கணம் அறியாமலும், தமிழிலக்கணம் அறிந்தார் உளநூலறியாமலும் இருக்குங்காறும், எல்லிசுத் தீவில் நிகழ்ந்த பிழை நம் வகுப்பறைகளில் நாடோறும் நிகழ்ந்துகொண்டேயிருக்கும்.

சட்டமும் இப்பொழுது இத்துறைக்கு வாயில் திறந்து நிற்கின்றது. உடலை வருத்தும் தண்டனையோடு உள்ளத்தை வருத்தும் துன்புறுத்தலையும் 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம் விலக்கியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டு, கற்றலிடர்ப்பாட்டையும் அவற்றுள் ஒன்றாக்கியது. 2025 சூலைத் திங்களில் இந்திய உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவரையுடைய கல்வி நிலையங்கள் தகுதிபெற்ற ஆற்றுப்படுத்துநர், உளநூலறிஞர், சமூகப் பணியாளர் ஆகியோருள் ஒருவரையேனும் அமர்த்துதல் வேண்டுமென்றும், மதிப்பெண் பற்றி மாணவரைப் பிரித்து வைத்தலையும் பலரறிய இழித்துரைத்தலையும் இயன்றவரை தவிர்த்தல் வேண்டுமென்றும் நெறிவகுத்தது. அளவிறந்த போட்டித் தேர்வுகளாலும் தோல்வியச்சத்தாலும் மாணவர் உயிர் மாய்த்துக்கொள்ளும் கொடுமையே அந்நெறிமுறைக்குக் காரணமாயிற்று. ஆணை பிறந்தது, ஆட்கள் எங்கே? தமிழிற் பேசி, தமிழ்ப் பிள்ளையின் அழுகையைத் தமிழிற் கேட்கவல்ல பயிற்சியாளர் பல்லாயிரவர் வேண்டும். வேற்றுமொழியில் தன் துயரை மொழிபெயர்த்துக் கூறுமாறு ஒரு குழந்தையை வற்புறுத்துதல் அறமாகாது.

'ஆற்றுப்படுத்துநர்' என்னும் சொல்லைக் கேட்குந்தொறும் எமக்கொரு மகிழ்ச்சி உண்டாகின்றது. பத்துப்பாட்டினுட் பாதி ஆற்றுப்படை நூல்கள். அவற்றுட் பாணரையும் பொருநரையும் கூத்தரையும் நெறிப்படுத்துவோன், வழியைத் தான் நடந்து கண்டவன்; வறுமையைத் தான் அறிந்தவன்; பரிசில் பெற்றுத் திரும்புங்கால் எதிர்ப்பட்டவனைக் கண்டு, இன்ன வழியிற் செல், இன்னவிடத்து இளைப்பாறு, இன்னானைக் காண் என்று கூறுகின்றான். நம் கல்லூரியிற் பயில்வாருள், தம் குடியில் முதன்முதற் கல்லூரி வாயிலை மிதித்தோர் பலர். வீட்டில் விளக்கிக் கூறுவார் ஒருவருமின்றிப் படித்தல் எத்தன்மையதென்று அவர் அறிவர். அவரே பின்வரும் பிள்ளைகட்கு ஆற்றுப்படுத்துநராதற்கு முதலுரிமை உடையார்.

இனி, இக்கருத்திற்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் ஆராய்வோம். உளநூலிற் புள்ளியியல் உண்டு, சோதனைச்சாலை உண்டு, தமிழ் மாணவர்க்கு அவை கைவாரா என்பர் சிலர். யாப்பிலக்கணத்தில் அசையும் சீரும் தளையும் எண்ணிப் பழகியவனுக்குச் சராசரியும் விலக்கமும் எண்ணுதல் அத்துணை அரிதாமோ? உழைப்பு வேண்டும் என்பது மெய். இயலாமை என்பது பொய். இத்துறையிற் பொருள் வருவாய் குறைவு என்பர் வேறு சிலர். அதனை யாம் முழுதும் மறுக்கவில்லை. பல பள்ளிகள் ஆற்றுப்படுத்துநரை ஏட்டளவில் வைத்துக்கொள்கின்றன. வைத்தவிடத்தும் அவரைப் பாடவேளை நிரப்பும் பதிலாசிரியராக்கி விடுகின்றன. குடும்பத்தைத் தாங்க வேண்டிய நிலையிலுள்ள தோழர், முதலில் ஆசிரியப் பணியில் அமர்ந்து, பின்னர் இத்துறையிற் பயிலுதல் தக்கது. அவ்வாறு பயின்றவர் வகுப்பறையை உள்ளிருந்து அறிந்தவராதலின் மிக்க பயன் விளைப்பர். பரிவுள்ள ஆசிரியர்க்கு இப்பயிற்சி எற்றுக்கு என்பாரும் உளர். பரிவு வேண்டும், அதுவே வேர். ஆயின், பரிவு மிக்க தாய்க்கும் குழந்தையின் காய்ச்சலுக்குக் காரணம் தெரிவதில்லை. அதனாலன்றோ மருத்துவரை நாடுகின்றாள்.

இத்துறையை நாடுவார்க்கு வழிகள் இரண்டு. ஆசிரியப் பயிற்சி வழியாகச் செல்வது ஒன்று. இளங்கலைக்குப் பின்னர் ஈராண்டுக் கல்வியியல் இளநிலைப் பட்டமும், அதன்பின் ஈராண்டுக் கல்வியியல் முதுநிலைப் பட்டமும் பெற்று, அங்கே கல்வி உளநூலைச் சிறப்பாக எடுத்து ஆராய்ச்சிப் பட்டம்வரை செல்லலாம். உளநூல் துறைவழியாகச் செல்வது மற்றொன்று. முதுநிலை உளநூலுக்கு இளநிலையிலும் அதனையே பயின்றிருத்தல் வேண்டும் என்னும் நிலையங்களும் உள. எப்பட்டத்தாரையும் ஏற்கும் நிலையங்களும் உள. ஆதலின் விண்ணப்பிக்குமுன் விதிகளைக் கேட்டறிதல் வேண்டும். ஒரு செய்தியை மட்டும் மறவாதிருத்தல் நலம். அஞ்சல்வழியே உளநூற் பட்டம் பெறுதல் முன்பு எளிதாயிருந்தது. 2025 சூலை, ஆகஸ்டில் தொடங்கிய கல்வியாண்டு முதல் தொலைநிலையிலும் இணையவழியிலும் உளநூற் பட்டப்படிப்பில் மாணவரைச் சேர்த்தலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு விலக்கிவிட்டது. விளம்பரத்தைக் கண்டு பணங்கட்டி ஏமாறாதீர்.

மற்றோர் எச்சரிக்கையும் இன்றியமையாதது. முதுநிலைப் பட்டம் ஒன்று கைக்கு வந்தமட்டில், ஒரு பிள்ளைக்கு இன்ன குறைபாடு என்று சான்றளிக்கும் உரிமை வந்துவிடாது. மருத்துவ உளநூலறிஞராய்த் தொழில் செய்வோர் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்திற் பதிவு பெறுதல் வேண்டும். முத்துக்காட்டில் 2005இல் தோன்றிய பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் போன்ற இடங்கட்கு உரிய காலத்தில் அனுப்பிவைத்தலும் கல்வி உளநூல் கற்றான் கடமையுள் ஒன்று. தன் எல்லையை அறிதல் அறிவின் முதற்படி. அரைகுறையாய்க் கற்றவன் ஒட்டும் பெயர்ச்சீட்டு, பள்ளியிற் சூட்டிய 'மக்கு' என்னும் பெயரினும் கொடிது. இதனை ஆங்கிலத்தில் எழுதி முத்திரையும் குத்திவிடுகின்றனர்.

மாணவ நண்பர்காள்! நீவிர் அனைவீரும் இத்துறைக்கே வருக என்று யாம் அழைத்தோமல்லோம். ஆண்டுதோறும் நம் தமிழ்த்துறையினின்று இருவரேனும் மூவரேனும் இந்நெறியிற் செல்வராயின், பத்தாண்டில் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பக்கத்துப் பள்ளிகளில் இருபது முப்பது தெருப்பிள்ளைகட்கேனும் விடை கூறுவார் தோன்றுவர். ஆசிரியப் பெருமக்கள், நன்னூற் பாயிரத்தை நடத்துங்கால் அதனோடு இக்காலக் கல்வி உளநூலையும் ஒப்புநோக்கி ஒரு வாரமேனும் உரைத்தருளுமாறு பணிவுடன் வேண்டுகின்றோம். பள்ளிகளிற் பணிபுரியும் பழைய மாணவர், தம் வகுப்பிற் பிள்ளைகள் எவ்வெழுத்தில், எச்சொல்லில், எவ்வாறு தடுமாறுகின்றனர் என்பதைப் பெயர் குறியாது எழுதித் தொகுத்து நம் துறைக்கு அனுப்புவாராயின், தமிழில் ஓர் அளவை அமைப்பதற்கு அதுவே அடித்தளமாகும். இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் பொறுமையுமே வேண்டும்.

மேனாம்பேட்டு அன்னையின் வினா இன்னும் விடையின்றி நிற்கின்றது. அவர் மகன் இன்னும் பட்டறைக்குச் செல்லவில்லை. மாலைதோறும் வந்து எம்மோடு 'கொ', 'கோ' என்று மணலில் எழுதிக்கொண்டிருக்கின்றான். அவனைப் போல்வார் ஒவ்வோர் ஊரிலும் உளர். அவர் அன்னைமார்க்கு விடை கூறுவார் நம்முள்ளிருந்தே எழுக!